தொல்லைப் பிரிவிலிருந்து பேசுகிறேன்

எங்கள் இணைய நிறுவனத்தில் நான் உட்கார்ந்திருக்கும் தொல்லைப் பிரிவுக்கு யாரும் வாழ்த்துச் சொல்ல வருவதில்லை. "உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் இணைப்பிலிருந்து எங்களைத் தாக்குகிறார்கள்" என்று உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து புகார் வரும். அதில் ஓர் இணைய முகவரி எண்ணும் நேரமும் இருக்கும். அந்த நேரத்தில் அந்த எண் யார் வீட்டில் இருந்தது என்று தேடிப் பிடித்து, அவரிடம் சொல்லிச் சரிசெய்ய வைக்க வேண்டும். மசியாவிட்டால் இணைப்பை வேலிக்குள் போட்டுவிடுவோம். வேலிக்குள் போன வீட்டில் எங்கள் எச்சரிக்கைப் பக்கத்தைத் தவிர வேறெதுவும் திறக்காது.

பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருந்தார்கள். புகாரைப் படித்து முடிப்பதற்குள் இணைப்பை வெட்டப் போவதால் நாங்கள் வைத்தது இது.

அன்று புகார் அனுப்பியது தூரத்து மருத்துவமனை ஒன்று. ஏதோ ஒரு வீட்டுக் கேமராவுக்குள் எவனோ புகுந்து, அதை ஏவிவிட்டு அவர்களுடைய கணினிகளை மூச்சுமுட்ட வைத்துக்கொண்டிருந்தான். வீடு எங்கள் வாடிக்கையாளரான கண்ணாடிக் கடைக்காரருடையது. மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. போன் போட்டேன்.

"சார், உங்க இன்டர்நெட் கம்பெனியிலேர்ந்து பேசறேன். உங்க வீட்டுல இருக்கிற கேமராவுல ஒரு பிரச்சினை."

"தெரியும். அடுத்து பாஸ்வேர்டைச் சொல்லுன்னு கேப்பே. வைம்மா போனை."

வைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். ஆனால் யாரைத் திட்டுவது? "உங்கள் இணைப்பில் கோளாறு என்று யாராவது அழைத்தால் உடனே போனை வைத்துவிடுங்கள்" என்று எல்லா வாடிக்கையாளருக்கும் அறிவிப்பு எழுதி அனுப்பியவளே நான்தான். ஊரில் ஒரே ஒரு மனிதர் அதை ஒழுங்காகப் படித்திருக்கிறார், அவர் எனக்கென்று வந்து வாய்த்தார்.

மறுபடி அழைத்தேன். "என்னை நம்பாதீங்க சார். பில்லுல இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு, தொல்லைப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கான்னு கேளுங்க."

மனிதர் கேட்டும் பார்த்திருக்கிறார். எங்கள் வாடிக்கையாளர் சேவையில் எந்த மகராசியோ, "அப்படி ஒரு பிரிவே எங்ககிட்ட இல்லையே சார்" என்று சொல்லிவிட்டாள். நன்றாக இருக்கட்டும் அவள்.

மூன்றாவது முறை அவர் குரலில் கோபம் இல்லை. "பாரும்மா, நீ யாரா வேணும்னாலும் இருந்துட்டுப் போ. என் வீட்டுக்காரிக்குப் பக்கவாதம் வந்து பேச்சே போயிடுச்சு. நான் கடையிலேர்ந்து அந்தக் கேமரா வழியா பேசுவேன், அவ கையால பதில் சொல்லுவா. எங்களுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் பறிக்கணுமா?"

போனை வைத்தேன்.

"வெட்டிடட்டுமா?" என்றான் கத்தரி.

"கையை எடு. நான் சொல்றவரைக்கும் தொடாதே."

"அதுவும் ஆஸ்பத்திரி. அங்கேயும் யாரோ ஒருத்தர் படுத்திருப்பாங்க."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எரிச்சலாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடைச் சுவரெங்கும் மூக்குக் கண்ணாடிகள். நடுவே என் அறிவிப்பை அச்செடுத்து ஒட்டியிருந்தார். மேசையில் சாய்த்து வைத்த போன் திரையில், ஜன்னலோரம் நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் அடையாள அட்டையைக் கடைக்காரர் தள்ளிப் பிடித்தும் கிட்டே பிடித்தும் பார்த்தார்.

"கார்டு யார் வேணும்னாலும் அடிக்கலாம்."

"அந்த நோட்டீஸை எழுதினதே நான்தான் சார்."

"அப்படியா? திரும்பி நின்னு கடைசி வரியைச் சொல்லு பாப்போம்."

திரும்பி நின்றேன். "தயங்காமல் போனை வைத்துவிடுங்கள், எங்களுக்குக் கோபம் வராது."

"வந்துதே."

"வந்தது சார்."

முதல் முறையாகச் சிரித்தார். போனைப் பார்த்து, "இந்தா, கம்பெனியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கு" என்றார். அந்த அம்மா இடது கையை எப்படியோ அசைத்தார்.

"என்ன சொல்றாங்க?"

"வெயில்ல வந்திருக்கு, முதல்ல தண்ணி குடுங்கறா."

தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கேமராவுக்குள் புகுந்ததைத் துடைத்தெடுத்து, புது பாஸ்வேர்டு போட வேண்டும். அதுவரை வீடு வேலிக்குள் இருக்கும், படம் வராது. மருத்துவமனை என்றதும் அவர் வாதாடவில்லை. போனருகே குனிந்தார்.

"கொஞ்ச நேரம் உன்னைப் பாக்க முடியாது. நாங்க வந்துட்டே இருக்கோம். நாற்காலியை விட்டு எழுந்திரிக்கக் கூடாது, என்ன?"

அந்த அம்மா சமர்த்தாகத் தலையாட்டினார். நான் கத்தரியை அழைத்தேன். படம் உறைந்தது, பிறகு போய்விட்டது.

ஷட்டரை இழுத்துவிட்டு அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. வீடு நாலு தெரு தள்ளித்தான். வழியெல்லாம் இருண்ட போனையே பார்த்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தார். நாற்காலி காலியாக இருந்தது.

அப்படியே நின்றுவிட்டார். அப்போது சமையலறையில் ஏதோ டப்பா உருளும் சத்தம் கேட்டது. அதன் வாசற்படியில் அந்த அம்மா வந்து நின்றார். தோள் சுவரில் சாய்ந்திருந்தது, இடது கை சர்க்கரை டப்பாவை வயிற்றோடு அணைத்திருந்தது. வாய் நிறையச் சர்க்கரை. எங்களைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திக்கொண்டார்.

"நீ நடந்தியா?" என்றார் கடைக்காரர்.

பிடிக்க ஓடியவரை, டப்பாவைத் தூக்கிக் காட்டி அங்கேயே நிறுத்தினார் அந்த அம்மா. சுவரை விட்டார். ஒரு காலை இழுத்து இழுத்து, யாரும் பிடிக்காமல் அறையைக் கடந்து வந்து, திருட்டுச் சாமானை ஒப்படைப்பதுபோல டப்பாவை அவர் கையில் கொடுத்தார்.

அவர் அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். "டாக்டர் நடக்கத்தான் சொன்னாரும்மா. விழுந்துடுவாளோன்னு எனக்குத்தான் பயம். அவ எழுந்தாலே கடையிலேர்ந்து கத்துவேன், ஒக்காரு ஒக்காருன்னு."

நான் கேமராவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். துடைத்து முடித்து, பாஸ்வேர்டை அவரையே போடச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு கத்தரியை அழைத்தேன்.

"முடிஞ்சுதா? வேலியைத் திறந்துடட்டுமா?" என்றான்.

நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா கையை அசைத்தார்.

"என்ன சொல்றாங்க?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குத் திறந்தா போதுமாம். இன்னிக்குக் கடை லீவாம்."