கட்டி அறுத்த தழும்பு

பிள்ளை பெறுவதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்பது இருதயம்மாளின் கட்சி. ராயபுரத்து வீட்டிலேயே ஆறு பெற்றவள் அவள். தங்கியது ஸ்டானிஸ்லாஸ் ஒருவன்தான் என்பதை மட்டும் சொல்லமாட்டாள்.

மருமகள் ரோசிக்குத் தலைப்பிரசவத்தில் வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுத்தார்கள். அது தங்கவில்லை. அடுத்த தடவை வலி வருமுன்பே வந்து படுத்துவிட வேண்டும், வலி முற்றினால் உள்தையல் பிய்ந்துகொள்ளும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். இருதயம்மாள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கத்தி வைத்ததால்தான் பேரன் செத்தான் என்று அவள் முடிவுகட்டி வெகுநாளாகிவிட்டது.

இரண்டாவதற்கு வலி கண்டபோது ஸ்டானிஸ்லாஸ் ஹார்பரில் வேலையில் இருந்தான். ரிக்ஷா கூப்பிடச் சொல்லி ரோசி கெஞ்சினாள். மாமியார் கூப்பிட்டது மருத்துவச்சி மங்கம்மாவை. வந்தவள் வயிற்றுத் தழும்பைப் பார்த்துத் தயங்கினாள்.

"இன்னாம்மா இது?"

"கட்டி அறுத்தது. நீ உன் வேலையப் பாரு."

ரோசி மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள். கத்தினால் அக்கம்பக்கம் சிரிக்கும் என்று சொல்லி, இருதயம்மாள் அந்த வாயில் துணியைத் திணித்தாள். மங்கம்மா மேல்வயிற்றில் கையூன்றி அமுக்கினாள். பிள்ளை இறங்கவில்லை. இன்னும் பலமாக அமுக்கினாள். ரோசியின் உடம்பு ஒருமுறை வில்லாக வளைந்து விழுந்தது. அதோடு வலி நின்றுபோனது.

மாதா கண் திறந்துவிட்டாள் என்று இருதயம்மாள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சற்றுக் கண்ணயரட்டும் என்று துணியைக்கூட எடுத்துவிட்டாள், மகராசி. ரோசியின் நெற்றி சில்லிட்டிருந்தது. மங்கம்மா வயிற்றைத் தடவினாள். பிள்ளையின் கால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்பட்டது.

"பொய் சொல்லிட்டியேம்மா. உள்ளே கிழிஞ்சிகீது."

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பிணமாக எடுத்தார்கள். ஆண். கிழிந்த கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். ரோசி பிழைத்தால் அதிர்ஷ்டம் என்றார்கள். மருத்துவச்சிதான் கெடுத்தாள் என்று தாய் சொன்னதை ஸ்டானிஸ்லாஸ் நம்பினான். நம்புவதுதான் அவனுக்குச் சுலபம்.

இருதயம்மாள் பேரனுக்காக மாரடித்து அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய், மலடியை விலக்கி மகனுக்கு வேறு கட்டிவைக்க வழியுண்டா என்று சாமியாரைக் கேட்டாள். கோயிலில் நடந்த மெய்விவாகத்தைச் சாவு ஒன்றுதான் பிரிக்கும் என்றார் அவர். அவள் அப்படியே, நல்ல மரணத்துக்குப் பாதுகாவலரான சூசையப்பர் முன்னால் முழங்காலிட்டாள். அவள் கேட்டதைச் சொல்ல எனக்கே நாக்கூசுகிறது. மருமகளுக்குச் சீக்கிரமாக ஒரு நல்ல மரணம் கொடு என்று கேட்டாள், பாவி. அத்தோடு விட்டாளா? சாகக்கிடக்கிறாள் என்று சொல்லி, சாகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசச் சாமியாரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தாள்.

ரோசிக்கு அன்றுதான் காய்ச்சல் விட்டிருந்தது. நர்சு கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சிமிழோடு வந்த சாமியார் அவளைப் பார்த்ததும் சங்கடப்பட்டு, வெறுமனே ஆசீர்வாதம் சொல்லிவிட்டு வெளியே போனார். ரோசிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள்.

"நான் சாவ மாட்டேன் அத்தே," என்றாள். "உன் புள்ள கெழவனாவுற வரிக்கும் இருப்பேன்."

இருதயம்மாள் மருமகளின் வயதை எண்ணிப் பார்த்தாள். இருபத்திரண்டுதான் ஆகியிருந்தது.