கப்சிப் யாருடையது?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'கப்சிப்' என்ற ராக் ஆல்பம் வேண்டும் என்று ஆர்டர் போட்டேன். பெட்டியில் வந்தவை மூன்று ரப்பர் சூப்பிகள். அழுகிற குழந்தையின் வாயில் வைப்பார்களே, அவை. அவற்றுக்கும் அதே பெயர். எங்கள் வீட்டில் கைக்குழந்தை கிடையாது. திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டுக் கதை எழுத உட்கார்ந்தேன்.

2

"சூப்பியைக் கையில் பிடித்தபடி டிரம்ஸ்காரர் வானத்தை வெறித்—"

வேண்டாம். வானத்தை வெறிப்பவர்களை நானே நம்புவதில்லை. நேராகவே சொல்கிறேன்.

அந்த ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்தவர் அவர். பாடியவர் அவருடைய அக்கா. ஆல்பம் வெளிவந்த மாதமே அக்காவுக்குக் குழந்தை உண்டானது தெரிந்தது. இந்த வருடம் மேடை ஏற முடியாது என்றார். "அப்ப வீட்டுல போய் கப்சிப்னு கிட" என்றார் தம்பி. அதோடு குழு கலைந்தது. பேச்சும் நின்றது. ஆறு வருடம்.

இப்போது அவர் வீடு வீடாகப் போய்த் திரைச்சீலை மாட்டுகிறார். ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தபோது குழந்தை வீரிட்டது. "கப்சிப் எங்க வச்சீங்க?" என்று அந்த வீட்டுப் பெண் கணவரைக் கேட்டார். டிரம்ஸ்காரர் முடுக்குவதை நிறுத்தினார். தன் ஆல்பத்தைப் போட்டா பிள்ளையைத் தூங்க வைக்கிறார்கள்? எந்தப் பாட்டாக இருக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். வந்தது சூப்பி.

3

(இந்த ஆளைப் பற்றி எனக்கே சந்தேகம். ஆறு வருடம் அக்காவை மறந்திருந்தவர், ஒரு பெயருக்காகவா இத்தனை கொதிப்பார்? "இப்படி ஒரு ரோஷக்காரரை எங்க பிடிச்சீங்க, கண்ணாடியிலயா?" என்றார் என் மனைவி. மேலே போவோம்.)

4

மறுநாளே ஆல்பத்தின் பிரதி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சூப்பிக் கம்பெனிக்குப் போனார். பெயர் வைத்தவரைப் பார்க்க வேண்டும் என்றார். ஐந்தாம் மாடியில் ஓர் அறையைக் காட்டினார்கள். ரப்பர் வாடை. மூலையில் ஓர் இயந்திரம் சூப்பியைப் பிய்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் அக்கா.

அவர் ஆல்பத்தை மேசைமேல் வைத்தார்.

"அது நம்ம ஆல்பம் பேரு" என்றார்.

"நீ எனக்கு வச்ச பேரும் அதான்."

அவர் உட்காரவில்லை. அக்காவே தொடர்ந்தார். "இந்தப் பேர வச்சா நீ கேஸ் போடவாவது வருவேன்னு நெனச்சேன். எட்டு மாசம் ஆக்கிட்ட."

5

முதல் முடிவு: அவர் மன்னிப்புக் கேட்கிறார். இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார். இரண்டாம் முடிவு: இருவரும் மீண்டும் மேடை ஏற, அரங்கம் எழுந்து நின்று கைத— நீங்களே சிரிப்பீர்கள்.

ஆகவே எனக்குத் தெரிந்ததோடு நிறுத்துகிறேன். பள்ளி விட்டதும் மகள் இங்கேதான் வருவாள் என்றார் அக்கா, நாலு மணிக்கு. "மாமா ஒருத்தர் இருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன். ஏன் வரலன்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. "ஒரு போன் பேசணும்" என்று அவர் வெளியே வந்தார். யாருக்கும் போன் போடவில்லை. தாழ்வாரத்தின் ஒரு கோடியில் லிஃப்ட், மறுகோடியில் படிக்கட்டு. இறங்கிப் போய்விட நினைக்கிறவர், லிஃப்டில் வரும் பிள்ளையின் கண்ணில் படாமல் படியில்தான் இறங்குவார். அவர் லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்கிறார்.

கீழே ஒரு சிறுமி புத்தகப் பையோடு உள்ளே வருகிறாள். ஐந்து மாடி. லிஃப்டில் ஏறுவாளோ, படியில் துள்ளி வருவாளோ, நான் தலையிட மாட்டேன். உங்களுக்கு மனசிருந்தால் அவளுக்காக லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள்.