கழற்றிய கூந்தல்

கியோட்டோ மேடையில் பெண் வேஷம் கட்டிய கவாசே, இப்போது ஊமைப்படம் இயக்குகிறார். படத்திலும் நாயகி அவரேதான். அங்கே பெண்களுக்குக் கிடைப்பது உடை தைக்கிற வேலை மட்டும். எடுத்ததை, வேஷம் கலைக்காமலே திரையில் போட்டுப் பார்த்தார். மேடையில் தூரம் மறைத்த குரல்வளை, இங்கே பெரிதாக ஏறி இறங்கியது.

"நாயகியா ஒரு பொம்பளையப் போடுவோம்."

"உங்க மூஞ்சிக்குத்தான்யா கூட்டம்! படம் படுத்தா வேலை போயிடும்" என்றார் முதலாளி தோமிதா. "சினிமாவுக்கு வந்தவனை மேடையும் சேர்க்காது."

"சேர்க்காட்டிப் போகுது."

கவாசே தன் பொய்க்கூந்தலைக் கழற்றி, தையல்காரி ஒகினுவின் தலையில் வைத்தார்.

"ஐயோ, எனக்கு நடிக்கத் தெரியாதுங்க!"

"நல்லதாப் போச்சு. பொம்பளையா இருக்கத் தெரியுமில்ல? நிமிர்ந்து பாரும்மா."

கேமராவின் கைப்பிடியைப் பிடித்து நின்ற கேமராக்காரரிடம் திரும்பினார்.

"சுத்துங்க."