தகுதியுள்ள ஒரே விண்ணப்பதாரர்

வட்டாரப் பூச்சி மேலாண்மைத் திட்டத்தின் ஆலோசகராக ஒரு படைப்புழுவை நியமித்தார்கள். விதைப்புக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. சுண்டுவிரல் நீளம், பழுப்பு நிறம், ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டு. ஒரு புழு மூன்று வாரத்தில் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒப்பந்தம் அப்படிச் சொல்லாததால் அது இரண்டு ஆண்டும் புழுவாகவே இருக்கச் சம்மதித்தது. அலுவலகத்தில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. விளம்பரத்தில் கேட்டிருந்த தகுதி மொத்தமும் அதற்கு ஒன்றுக்குத்தான் இருந்தது.

மக்காச்சோளத்தைத் தின்னும் அந்தப் புழு வட்டாரத்துக்குள் நுழைந்து அப்போது நாலே வருடம். வல்லுநர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து அனுமதி வந்ததும், விளம்பரத்தைத் தயாரிக்க வேண்டிய தலைமை எழுத்தர் வழக்கம்போல் பழைய கோப்பைத் திறந்தார். எப்போதோ தண்டுத்துளைப்பானுக்காக வெளியிட்ட விளம்பரம் அதில் இருந்தது. பூச்சியின் பெயரை மட்டும் அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதி அச்சுக்கு அனுப்பினார். 'மேற்படி பூச்சியுடன் இருபது ஆண்டுகளுக்குக் குறையாத நேரடி அனுபவம்' என்ற வரி அப்படியே நின்றுவிட்டது. தவறு தெரிந்தபோது விளம்பரம் ஊரெல்லாம் போயிருந்தது. திருத்த வேண்டுமென்றால் கோப்பு ஏழு மேசை ஏறி ஏழு மேசை இறங்க வேண்டும், ஒவ்வொரு மேசையிலும் யார் செய்த தவறு என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து, விளம்பரம் சரிதான் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். வந்த முப்பத்தொரு விண்ணப்பங்களைத் தள்ளினார்கள். முப்பத்திரண்டாவது ஒரு சோள இலையில் வந்தது. அரித்து அரித்து ஓட்டையாலேயே எழுதியிருந்தது. பிறந்ததிலிருந்து இந்தப் பூச்சியாகவே இருந்துவருவதாகவும், குடும்ப அனுபவம் இருநூற்று நாற்பது தலைமுறை என்றும் அதில் கண்டிருந்தது. குடும்ப அனுபவத்தைச் சேர்க்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை.

தள்ளுபடியான முப்பத்தொன்றில் ஒன்று பொறிக்காரியுடையது. வயல்களில் அந்துப்பூச்சிப் பொறி கட்டி, வியாழன்தோறும் விழுந்த பூச்சிகளை எண்ணி எழுதுவது அவள் வேலை. பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். அறுபத்திரண்டு வயலும் அவள் காலுக்குத் தெரியும். புழு பகலில் செடியின் நடுக்குருத்துக்குள் பதுங்கிக்கொள்ளும் என்பதையும், விரல் நுனியால் ஒரு சிட்டிகை காய்ந்த மணலைக் குருத்தில் போட்டால் செத்துப்போகும் என்பதையும் புழு வந்த முதல் வருடமே கண்டுபிடித்து, நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தக் கடுதாசி எந்தக் கோப்பில் தூங்கியது என்று யாருக்கும் தெரியாது. நேர்காணலில் இணை இயக்குநர் அவள் தாளைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தப் பூச்சியோட உங்களுக்கு நாலு வருஷ அனுபவந்தாம்மா இருக்கு."

"அது வந்ததே நாலு வருஷம் முன்னாடிதான சார்?"

"அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குக் கோபம் தணியவில்லை. வேலை கிடைக்காதது கூடப் பெரிதில்லை, அந்த மனிதர் அதைச் சொல்லும்போது கொட்டாவி விட்டார்.

புழு நல்ல முறையில் பொறுப்பேற்றது. கூட்ட அறையில் ஈரத்துணி விரித்த ஒரு தட்டு, ஜன்னலோரம் குளிர்சாதனம், வேளாவேளைக்கு இளங்குருத்து. கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாததால் அடையாள அட்டையை மட்டும் தொங்கவிட முடியவில்லை. குரல் மெல்லியது. அது பேசினால் இணை இயக்குநர் முதல் எல்லோரும் மேசைமேல் கவிழ்ந்து காதைக் கொடுக்க வேண்டும். அப்படிக் கவிழ்ந்து கேட்பதால் சொல்வதெல்லாம் ஆழமாகத் தெரிந்தது. யார் எதைக் கேட்டாலும் நல்ல கேள்வி என்றது. எதிர்த்துப் பேசியவரைப் பெயர் சொல்லிப் பாராட்டியது. ஒரு மாதத்தில் அதன் பரிந்துரைகள் சுற்றறிக்கையாக வந்தன. வட்டாரம் முழுக்க ஒரே வாரத்தில் விதைக்க வேண்டும். ஒரே ரகம், அதிலும் இலை மிருதுவான ரகம். ஊடுபயிர் கூடாது. செடியின் குருத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, மணல் போடவே கூடாது. வாராவாரம் எண்ணுவது விவசாயிகளிடம் பீதியைக் கிளப்புவதால் பொறிகளை அவிழ்த்துவிட வேண்டும். மீறுகிறவர்களுக்கு அடுத்த பருவம் விதை கிடையாது. படித்தவர்கள், பெரிய படிப்புப் படித்தவர்கள், அந்தத் தாளுக்குக் கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர்கூடத் தலையைச் சொறியவில்லை. பொறிக்காரி அறுபத்திரண்டு பொறிகளையும் தன் கையாலேயே அவிழ்த்துக் கிடங்கில் ஒப்படைத்தாள். கிடங்குக்காரர் ரசீது கொடுத்தார்.

முதல் பருவம் மொட்டையாகப் போனது. வெளியே நின்று கேட்டால் வயல்களிலிருந்து மெல்லும் சத்தம் வந்தது. சாலையில் போகிறவர்கள் மழை வருகிறதோ என்று அண்ணாந்து பார்த்தார்கள். ஆலோசகர் தன் ஆண்டறிக்கையில், திட்டத்துக்கு நல்ல வரவேற்பு இருப்பதாகவும் பயனாளிகள் திருப்தியாக இருப்பதாகவும் எழுதியது. பயனாளிகள் யார் என்று யாரும் கேட்கவில்லை. அறிக்கை அச்சாகி எல்லா மேசைக்கும் வந்தது.

பொறிக்காரியின் தங்கை குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டிருந்தாள். புருஷன் போனபின் அந்த நிலம்தான் அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு. இன்னொரு பருவம் இப்படிப் போனால் நிலத்தை வேறு ஆளுக்கு விடப்போவதாக நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அடுத்த விதைப்புக்கு முன்னால் தங்கை அக்காவின் வீட்டுக்கு வந்தாள். கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"நீ அந்த ஆபீஸ்லதானக்கா இருக்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்டி. மறுபடி எழுதியும் குடுத்தேன்."

"யார்கிட்ட குடுத்த?"

"ஆலோசகர் பார்வைக்குன்னு போட்டு அனுப்பிட்டாங்க."

தங்கை கிளம்ப எழுந்தாள். "புழுவக் கொல்றது எப்படின்னு எழுதி, புழுகிட்டயே குடுத்துட்டு வந்திருக்க. இத வெளியில சொல்லிடாதக்கா, சிரிப்பாங்க."

பொறிக்காரி பன்னிரண்டு வருடமாகப் பல்லைக் கடித்தே பழகியவள். விதி என்றால் விதி, வரிசை என்றால் வரிசை. அன்றைக்குத் தங்கை போனபின் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோதுதான், தன் கோபம் பாதிக்குமேல் தன் மேலேயே என்பது அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்தபின் கோபம் இரண்டு மடங்காகியது.

இரண்டாம் பருவம் முளைத்த பத்தாம் நாளிலிருந்து, அலுவலகம் திறப்பதற்கு முன்னால் தினமும் அவள் தங்கையின் வயலில் இருந்தாள். மடியில் காய்ந்த மணல். அக்காள் ஒரு வரிசை, தங்கை ஒரு வரிசை. ஒளிந்து செய்யவில்லை, சாலையோரத்திலிருந்தே தொடங்கினார்கள். சுற்றிலும் வயல்கள் சல்லடையாகிக்கொண்டிருக்க அந்த ஒரு வயல் மட்டும் இலை குலையாமல் நின்றது. இப்படி நின்றால் கண்ணில் படாமல் இருக்குமா? சுற்றறிக்கையை மீறி ஒரு வயல் பச்சையாக இருப்பதாகப் புகார் போனது. ஆலோசகர் நேரில் ஆய்வு செய்ய வரும் என்றும், குற்றம் உறுதியானால் விதையை நிறுத்துவதோடு குத்தகைப் பதிவையும் ரத்து செய்வார்கள் என்றும் தாக்கீது வந்தது. தங்கை அதை இரண்டு முறை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள்.

ஜீப் பதினொரு மணிக்கு வந்தது. இணை இயக்குநரே தட்டை ஏந்தி வரப்பில் வைத்தார். தனியாகப் பார்க்க வேண்டும் என்றது ஆலோசகர். அதிகாரிகள் ஜீப்பின் நிழலில் ஒதுங்கினார்கள். வழிகாட்ட ஆள் வேண்டும் என்பதால் பொறிக்காரியை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். மூன்று வரிசை தள்ளி ஒரு செடியில் அது ஏறியது. ஓர் இலையைத் தாண்டியது, அடுத்ததையும் தாண்டியது. குருத்தைக் கண்டதும் இரண்டாண்டு ஒப்பந்தமும் கௌரவமும் அதற்கு மறந்துபோயின. தலைகுப்புற உள்ளே இறங்கிவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள்.

"பயிர் அருமையா இருக்கு," என்றது, வாய் நிறைய வைத்துக்கொண்டு. "ஆனா குருத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே. ரிப்போர்ட்ல எழுதத்தான் வேணும். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"பரவால்ல சார், எழுதுங்க."

"இந்த வயல எங்களுக்கு மாதிரிப் பண்ணையா குடுத்துடச் சொல்லப்போறேன். உங்க தங்கச்சிக்கு வேற எதாவது பாத்துக்கலாம்."

பொறிக்காரி மடியிலிருந்து மணலை எடுத்தாள், ஒரு சிட்டிகைக்குப் பதில் மூன்று சிட்டிகை.

"எனக்கு அஞ்சு வருஷ அனுபவந்தான் சார்," என்று சொல்லிக் குருத்தில் போட்டாள்.

விடிந்ததிலிருந்து வயலுக்குள்ளேயே இருந்த தங்கை அடுத்த வரிசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

அரை மணி கழித்து அதிகாரிகள் குரல் கொடுத்தார்கள். ஆலோசகர் வரவில்லை. பார்த்தாயா என்று இணை இயக்குநர் கேட்க, உள்ளே எங்கேயாவது களப்பணியில் இருப்பார் என்றாள் பொறிக்காரி. அரசாங்கத்தின் ஆலோசகரைத் தொலைத்துவிட்டுப் போக முடியுமா? சட்டைக் கையை மடித்துவிட்டு, செடி செடியாகக் குருத்தை விரித்துப் பார்த்தார்கள். அந்த வயலில் உயிரோடு ஒரு புழுவும் இல்லை, மணலுக்கு அடியில் யாரும் கிளறிப் பார்க்கவில்லை. பக்கத்து வயலுக்குப் போயிருக்கலாம் என்றார் ஒருவர். பக்கத்து வயலில் குருத்துக்கு ஒரு புழு இருந்தது. அடையாள அட்டை இல்லாததால் இதுவா அதுவா என்று சொல்ல முடியவில்லை. கிடைத்த ஒவ்வொன்றையும் டப்பாவில் போட்டு விசாரணைக்கு அலுவலகம் கொண்டுபோனார்கள். மறுநாள் எல்லாப் பிரிவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வட்டாரம் முழுக்கத் தேடல் உத்தரவாகியது. பதினெட்டு நாள் உச்சிவெயிலில் குனிந்து, ஒரு குருத்து விடாமல் பிரித்து, ஒரு புழு விடாமல் பொறுக்கினார்கள். ஒவ்வொரு புழுவிடமும் தலைமை எழுத்தர் பணி ஆணை எண்ணைக் கேட்டார். பதில் சொல்லாதவற்றை விடுவிக்க ஏழு மேசையின் ஒப்புதல் வேண்டும். இலையில்லாமல் அவ்வளவு நாள் காத்திருக்க எந்தப் புழுவாலும் முடியவில்லை.

அந்தப் பருவம் வட்டாரத்தில் யாரும் கண்டிராத விளைச்சல். தங்கையின் குத்தகை நிலைத்தது. ஆலோசகரின் தொலைநோக்கான வழிகாட்டுதலே காரணம் என்று ஆண்டறிக்கை சொன்னது. அதற்கு ஒப்பந்தத்தை நீட்டித்து, வருகைப் பதிவேட்டில் 'களப்பணி' என்று எழுதினார்கள். இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பருவமும் முளைத்த பத்தாம் நாள் தேடல் தொடங்கிவிடும். ஆண்டறிக்கையை வாசித்துக் காட்டுகிற ஒவ்வொரு வருடமும் பொறிக்காரிக்கு முதல் நாள் போலவே பற்றிக்கொண்டு வரும். அவள் இன்னும் தற்காலிகம்தான். வயல்கள் தெரிந்த ஆள் வேறு இல்லாததால் தேடலுக்கு அவள்தான் பொறுப்பு. பிடரியில் வெயில் அடிக்க அதிகாரிகள் வரிசையாகக் குனிந்து போவார்கள், அவள் வரப்பில் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இணை இயக்குநர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரப் பார்த்தால் அவள் குரல் வரும்.

"அந்தச் செடிய விட்டுட்டீங்க சார். திரும்பி வாங்க."

அவர் திரும்பி வருவார்.