மீனுக்கு நாலு தோள்

1912-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, கல்கத்தா டாலிகஞ்சில் சுந்தரேசய்யர் சந்தியாவந்தனம் பண்ண உட்கார்ந்தபோது அவருடைய பஞ்சபாத்திரத்தில் ஒரு கெண்டைக்குஞ்சு நீந்திக்கொண்டிருந்தது. அன்று கடைத்தெருவில் அரிசி மணங்கு ஐந்தரை ரூபாய். வங்காளிகள் ரூயி என்று சொல்லும் கெண்டை மீன் சேர் ஆறணா. அய்யர் கண்ணை மூடிக்கொண்டு ஆசமனம் செய்கிறவர். உள்ளங்கைத் தண்ணீர் முதல் தரம் ஒழுங்காக இறங்கியது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் தொண்டையில் ஒருமுறை புரண்டுவிட்டு இறங்கியது. கண்ணைத் திறந்து பார்த்தார். பாத்திரம் காலியாக இருந்தது. ஒரு பெரிய பாங்கில் பொறுப்பான உத்தியோகத்தில் இருந்தவர், டாலிகஞ்ச் தமிழர்களுக்கெல்லாம் ஆசாரம் சொல்லிக் கொடுத்தவர், பூணூலோடு பூஜையறையில் உட்கார்ந்து உயிர்மீனை விழுங்கியிருந்தார். இதை அவர் கடைசிவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவர் மனைவி ஜகதாம்பாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

இந்த மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நாகலக்ஷ்மியின் குளத்திலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். நாகலக்ஷ்மியின் கணவர் வாஞ்சிநாதன் ஒரு கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா. பிள்ளை குட்டி இல்லை. கொல்லையில் குளம் உள்ள வீடு என்பதால் சல்லிசாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டார்கள். வங்காளத்தில் கொல்லைக்குக் கொல்லை குளம்தான், அதில் அதிசயமில்லை. அதில் உள்ள மீனை வீட்டுக்காரர்கள் தின்னாமல் விட்டதுதான் அதிசயம். பிடிக்க ஆளில்லாத மீன் வேறென்ன செய்யும்? பெருகியது. மூன்றாம் வருஷம் குளத்தில் தண்ணீரைவிட மீன் அதிகம். கொக்குகள் மீன் முதுகில் கால் வைத்து இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்து போயின. வாஞ்சிநாதனின் வேஷ்டியைத் துவைக்கப் போட்டால் ஒரு பக்கத்தை நாகலக்ஷ்மியும் மறுபக்கத்தை மீனும் பிடித்து இழுக்கும். மிச்சமிருந்த இடத்தில் தாமரையும் அல்லியும், கல்மி சாக் என்கிற தண்ணீர்க்கீரையும் மண்டிக் கிடந்தன.

வாஞ்சிநாதனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. பிறகு விடாமல் வந்தது. மண்ணீரல் வீங்கிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உத்தியோகம் போயிற்று, நாகலக்ஷ்மியின் வளையல் போயிற்று, பால்காரனும் நின்றுபோனான். அந்தப் பக்கத்தில் கிரிபாலா என்று ஒரு மீன்காரி இருந்தாள். ஒருநாள் கொல்லைப்புறப் படலைத் தள்ளிக்கொண்டு வந்து குளத்தைப் பார்த்தாள். நாகலக்ஷ்மியை வங்காளிகள் வழக்கப்படி அக்கா முறை வைத்து, "தீதி, உன் குளத்துல மீனுக்கு மூச்சுவிட எடமில்ல. நான் அள்ளிக்கிட்டுப் போறேன். நீ பாபுவுக்குப் பால் வாங்கு" என்றாள். நாகலக்ஷ்மி மீன் கூடாது என்றாள். முதலில் தாமரைப்பூவும் அல்லித்தண்டும் கீரையும் மட்டும் விற்றாள். அது மருந்துக்குப் பற்றவில்லை. கடைசியில் மீனுக்கும் தலையாட்டினாள். கிரிபாலாவின் புருஷனும் அவன் தம்பிகளும் வலை வீசும்போது அவள் பலாமரத்தடியில் குளத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். அவர்கள் போனதும் தலைக்குக் குளிப்பாள். குளித்துவிட்டுப் போய்க் கணவருக்குப் பால் புகட்டுவாள்.

டாலிகஞ்சைச் சுற்றி அப்போது பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சேதி சுந்தரேசய்யர் காதுக்குப் போயிற்று. அவர் சங்கராந்தி அன்று எல்லோரையும் வைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்: "மீன் விக்கற ஆத்துல இனிமே யாரும் கை நனைக்கப்படாது." ஜகதாம்பாள் மெதுவாக, வரலக்ஷ்மி விரதத்துக்கு அங்கிருந்துதானே தாமரை வருகிறது என்று கேட்டாள். அய்யர் யோசிக்கவே இல்லை. "பூவுக்குத் தீட்டில்லே" என்றார். கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அது இந்த மனுஷரைப் பார்த்துச் சொன்னதுதான். அதே குளம், அதே சேறு, பூ மட்டும் சுத்தம். பூவைப் படல் வழியாக வாங்கிக்கொண்டார்கள். நாகலக்ஷ்மி வாசலை யாரும் மிதிக்கவில்லை.

ஆனி மாதம் அடைமழையில் ஒருநாள் விடிகாலை வாஞ்சிநாதன் இறந்துபோனார். நாகலக்ஷ்மி கிரிபாலாவை விட்டு நாலு வீட்டுக்குச் சொல்லியனுப்பினாள். சுந்தரேசய்யர், பட்டாபிராமன், பாலசுப்ரமணியன், வெங்கடராமன் ஆகிய நாலு பேரும் வாஞ்சிநாதனோடு ஒரே டிராமில் ஆபீஸ் போனவர்கள். அவர் வீட்டில் வருஷக்கணக்காகக் காப்பி குடித்தவர்கள். நல்லது கெட்டதுக்கு அவர்களைவிட்டால் அவளுக்கு அந்த ஊரில் வேறு யார்? மூன்று பேர் குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை வந்துவிட்டார்கள். அங்கே நாலாவது குடையாக அய்யர் நின்றிருந்தார். "மீன்காரி ஆத்துப் பொணத்தை மீன்காராளே தூக்கட்டும்" என்றார். நாலு குடையும் திரும்பிப் போனதை நாகலக்ஷ்மி வாசலில் நின்று பார்த்தாள். விளக்கு வைக்கிறவரை பிணம் காத்துக்கிடந்தது. காவிரிக்கரையில் பிறந்த மனுஷனுக்குக் கங்கைக்கரையில் தோள் கொடுக்க ஒரு தமிழன் இல்லை. பிறகு கிரிபாலாவின் புருஷனும் தம்பிகளும் பச்சை மூங்கில் வெட்டிப் பாடை கட்டி, "போலோ ஹரி, ஹரி போல்" என்று சொல்லிக்கொண்டு கேவ்ராதலா சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். நாகலக்ஷ்மி பின்னாலேயே நடந்து போய்த் தன் கையால் கொள்ளி வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

திரும்பி வரும் வழியில் ஈரப்புடவையோடு சுந்தரேசய்யர் வீட்டு வாசலில் நின்றாள். சத்தம் போடவில்லை. "நாலு தோள் கேட்டேன். தரல்லே. இனிமே உங்க நாலு பேர் ஆத்துலயும் எந்தப் பாத்திரத்துல தண்ணி இருந்தாலும் அது என் குளம்" என்றாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவர்கள், பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்துத்தான் பஞ்சபாத்திரத்தில் குஞ்சு வந்தது.

அன்று சாயங்காலமே நாலு வீட்டிலும் குடத்துக்குக் குடம் மீன். குடிக்கிற செம்பில் அயிரை அளவு, அண்டாவில் முழங்கை நீளம், கிணற்றில் இறங்கிப் பார்க்கவே பயமாயிருக்கும். எடுத்துச் சாக்கடையில் விட்டால் திரும்பிப் பார்ப்பதற்குள் குடத்தில் இரண்டாக வந்து நிற்கும். எடுக்காமல் விட்டால் வளர்ந்து பொழுது சாய்வதற்குள் குடத்தை உடைக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள், அது குழம்பாகிவிட்டது, வீடே நாறியது. வெங்கடராமன் வண்டி வைத்து ஹூக்ளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். அதில் வந்த மீனுக்கு மீசை இருந்தது. பாலசுப்ரமணியன் வீட்டில் ஈயம் பூசி மூடிய காசிச் செம்பு ஒன்று பூஜையில் இருந்தது. அதற்குள்ளிருந்து டொக் டொக் என்று தட்டும் சத்தம் கேட்டது. பட்டாபிராமன் சாமர்த்தியசாலி, தண்ணீரே வேண்டாம் என்று ஒரு வாரம் இளநீரில் காலம் தள்ளினார். அடுத்த வாரம் சீவிய இளநீரிலிருந்து ஒரு கண் அவரைப் பார்த்தது. வெங்கடராமன் மனைவி அழுது தீர்த்தாள். அவள் கண்ணீரில் மீன் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நாகலக்ஷ்மி அவ்வளவு கொடுமைக்காரி அல்ல.

கடைசியில் ஜகதாம்பாள் தாம்பாளத்தில் பழமும் வேஷ்டி புடவையும் வைத்துக்கொண்டு நாகலக்ஷ்மியிடம் போனாள். அந்த வாசலை மிதித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"நாகு, மாமா பண்ணினது தப்புதான். நான் மன்னிப்பு கேக்கறேன்" என்றாள்.

"எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம் மாமி. அதை வெச்சுண்டு நான் என்ன பண்ணப்போறேன்? எனக்குத் தோள்தான் வேணும். நாலு தோள்."

"அவர்தான் போயிட்டாரேடி. இனிமே தோளெதுக்கு?"

"மீன் இருக்கோன்னோ" என்றாள் நாகலக்ஷ்மி. "தண்ணி என் குளம்னா, மீனும் என்னோடதுதானே. தூக்கிண்டு வரச் சொல்லுங்கோ."

கிரிபாலாவின் புருஷன் பச்சை மூங்கில் வெட்டிவந்து கட்டிக்கொடுத்தான். வங்காளத்தில் மீனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமப்பார்கள், அல்லது கம்பின் இரு முனையில் தொங்கவிட்டுக் காவடியாகக் கொண்டுபோவார்கள். இது அப்படியில்லை. இரண்டு நீள மூங்கில், நடுவே குறுக்குக் கழி, மேலே தென்னங்கீற்று, நாலு முனைக்கு நாலு தோள். என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தினம் காலையில் அவரவர் வீட்டு மீனை அவரவரே அள்ளிக்கொண்டு வந்து, குளத்து மீனோடு சேர்த்து அதில் பரப்பி, பாங்கு அதிகாரியும் மற்ற மூவரும் முனைக்கொருவராகத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார்கள். தெருப்பிள்ளைகள் பின்னால் "போலோ ஹரி, ஹரி போல்" என்று கத்திக்கொண்டு போயின. இறக்கி வைத்ததும் வீட்டுக்கு ஓடிக் குளித்து, கோட்டு மாட்டி, தலைப்பாகை வைத்து, டிராம் ஏறினார்கள். தூக்கிய நாளில் வீட்டுக்கு ஒரு குடம் மட்டும் மீனில்லாமல் இருக்கும். அதை வைத்துச் சமைத்துக் குடித்துப் பூஜையும் செய்துகொள்ள வேண்டும். தூக்காத நாளில் அதுவும் கிடையாது. ஒருதரம் அய்யர் இடுப்புப் பிடிப்பு என்று படுத்துப் பார்த்தார். அவருக்குக் கொடுத்த கஷாயத்தில் இரண்டு மீன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும்? மறுநாள் இடுப்பு சரியாகிவிட்டது.

வருஷங்கள் போயின. நாலு பேருக்கும் தோளில் காய்ப்பு காய்த்தது. டாலிகஞ்சில் 'மட்ராஸி பாபுக்கள் மீன்' என்றால் தனி மதிப்பு. கல்யாண வீடுகளில் அதைத்தான் கேட்டார்கள், சேருக்கு ஓரணா கூடவே போயிற்று. பெண்ணுக்குச் சீர் அனுப்பும்போது பெரிய ரூயி மீனுக்குச் சிவப்புப் புடவை சுற்றி மூக்குத்தி குத்தி அனுப்புவது அந்த ஊர் வழக்கம். அப்படி மணப்பெண்ணாக்கிய மீனையும் ஒருதரம் இந்த நாலு பேர்தான் பாடையில் தூக்கிப் போனார்கள். அய்யரின் பாங்கில் சக வங்காளிகள், இவ்வளவு நல்ல மீன் வீட்டிலேயே விளைகிறதே, கொடுத்து வைத்தவரய்யா நீர் என்று பொறாமைப்பட்டார்கள். அவருக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. நாகலக்ஷ்மி மட்டும் முன்போலப் பலாமரத்தடியில் முதுகு காட்டி உட்காரவில்லை. வாசலில் மணை போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். நாலு தோளும் போவதைத் தினம் பார்ப்பாள். பார்த்தபிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

1919-ஆம் வருஷம் மார்கழியில் ஒரு விடிகாலை சுந்தரேசய்யர் இறந்துபோனார். மற்ற மூவரும் குளித்துவிட்டு மடி வேஷ்டியோடு அவர் வீட்டில் கூடினார்கள். அவர்கள் கை வைப்பதற்குள், அய்யரைக் குளிப்பாட்ட வைத்திருந்த அண்டாவில் மீன் துள்ளிற்று. ஜகதாம்பாள் தலைவிரிகோலமாக நாகலக்ஷ்மி வாசலுக்கு ஓடிவந்தாள். இவள் மணையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு ஒருநாள் விட்டுடுடி நாகு. அவரை எடுக்கணும். குளிப்பாட்டக்கூடச் சுத்தமா ஒரு குடம் தண்ணி இல்லே."

நாகலக்ஷ்மியின் உதடு நடுங்கியதைக் கிரிபாலா பார்த்திருக்கிறாள்.

"மீன் அழுகிப்போயிடும் மாமி" என்றாள். "மீன் காத்திருக்காது. மனுஷா காத்திருப்பா. எங்காத்துக்காரர் காத்துண்டிருந்தார்."

"மூணு பேர்தானே இருக்கா? நாலாவது தோளுக்கு நான் எங்கே போவேன்?"

"உங்க பிள்ளை இருக்கானே."

கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை அன்று முதலில் மீன்பாடைக்குத் தோள் கொடுத்தான். நாலு பேரும் கடைத்தெருவரை போய், மீனெல்லாம் விற்றுத் தீர்கிறவரை நின்று, திரும்பி வந்து, மறுபடி குளித்து, பிறகுதான் அய்யரைத் தூக்கினார்கள். அப்போது ஊரில் விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள். பிணம் நாகலக்ஷ்மி வீட்டைத் தாண்டிப் போகும்போது அவள் எழுந்து போய் ஒரு கூடைத் தாமரையைப் பாடைமேல் கொட்டினாள். "பூவுக்குத் தீட்டில்லேன்னு மாமாவே சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் அதற்குப்பிறகு ஏழெட்டு வருஷம் இருந்தாள். அவள் இறந்த சேதி கேட்டதும் நாலு வீட்டிலிருந்தும் வீட்டுக்கொருவராக, ஆள் போய்விட்ட வீட்டிலிருந்து பிள்ளையாக, ஓடோடி வந்தார்கள். குளித்துவிட்டு, மடியாக, தோளில் துண்டு கூடப் போடாமல் வந்து நின்றார்கள். இந்தக் கிழவியைத் தூக்கிவிட்டால் கணக்கு தீர்ந்தது, தண்ணீர் தண்ணீராகிவிடும் என்று அவர்கள் நினைத்தது நியாயம்தான். ஆனால் கிரிபாலா படலைத் திறக்கவில்லை. "தீதி சொல்லிட்டுப் போயிருக்கா. உங்க தோள் அவ மேல படக்கூடாதாம். எங்க வீட்டு ஆம்பளைங்க தூக்குவாங்க. நீங்க மீனைப் பாருங்க, வெயில் ஏறுது" என்றாள். வாஞ்சிநாதனைத் தூக்கியவர்களின் தோளில் நாகலக்ஷ்மி கேவ்ராதலா போனாள். எதிர்த்திசையில் நாலு பேர் மீனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பாடைக்கும் பின்னால் பிள்ளைகள் ஒரே பாட்டைத்தான் சொல்லிக்கொண்டு போயின.

குளத்தைப் பிற்பாடு தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். அந்த நாலு குடும்பத்தாரில் சிலர் இப்போது லேக் கார்டன்ஸ் பக்கம் இருக்கிறார்கள், தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனால் தண்ணீர் கொடுப்பதற்குமுன் டம்ளருக்குள் ஒருதரம் எட்டிப் பார்ப்பார்கள். இருந்தால் இரண்டு விரலால் எடுத்து ஜன்னலோரத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, டம்ளரை நம்மிடம் நீட்டுவார்கள்.