தையல் நூல் இரண்டு அடி

இடது கையில் நான்கு நகங்கள்தான் என்பதால் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. நகவெட்டியை மேசைமேல் வைத்த பிறகும் சித்தப்பாவின் கையை அவள் விடவில்லை. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான ஒரு மேடு. அதன் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு, கோட்டுக்கு இருபுறமும் ஐந்தைந்து புள்ளிகள். நாற்பது வருடமாகப் பார்த்த கைதான். அந்தக் கோட்டையும் புள்ளிகளையும் படிக்கக் கற்றுக்கொண்டு மூன்று வாரம்தான் ஆகிறது.

"சாயங்காலம் தாண்டறது கஷ்டம். நினைவு இருக்கும்போதே பேச வேண்டியதப் பேசிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் காலையில் வந்த டாக்டர்.

பேச வேண்டியதெல்லாம் அவள் கைப்பையில் இரண்டு காகிதங்களாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

தெருவில் சித்தப்பாவைக் கப்பல்காரர் என்றால்தான் தெரியும். போரில் பிடிபட்ட கைதிகளைச் சரக்கோடு சரக்காக அடைத்துக்கொண்டு போன கப்பல் ஒன்று நடுக்கடலில் முழுகியது. முந்நூற்று நாற்பது பேரில் உயிரோடு ஊர் திரும்பியவர் அவர் ஒருவர்தான். படகின் கயிறு சுற்றிச் சுண்டுவிரலைப் பிய்த்துக்கொண்டு போன கதையை அவர் சொல்லாத பள்ளிக்கூடம் இல்லை, கல்யாண வீடு இல்லை. "கடல் என்னைய சும்மா விடல, விரல வாங்கிக்கிட்டுத்தான் விட்டுச்சு," என்று கையைத் தூக்கிக் காட்டுவார். கூட்டம் உச்சுக்கொட்டும்.

இன்னொன்றும் உண்டு. அவர் வீட்டில் மீன் கிடையாது. "என் கூட்டாளிங்களத் தின்ன மீனு என் வீட்டு அடுப்புல ஏறக் கூடாது" என்பது உத்தரவு. அவளுடைய அம்மா வலை பின்னுகிற வீட்டில் பிறந்தவள். பேசிக்கொண்டே வாயில் முள்ளைப் பிரித்துவிடுவாளாம். அவளும் நாற்பது வருடம் நாக்கைக் கட்டிப் போட்டாள்.

மகளைப் பெற்ற அப்பாவும் சித்தப்பா இருந்த அதே போர்க்கைதி முகாமில் இருந்தவர்தான். முகாமில் எல்லோருக்கும் கழுத்தில் ஒரு தகரத் தகடு, அதில் ஒரு எண். சித்தப்பாவுக்கு 2307, அப்பாவுக்கு 2316. போர் முடிந்து முகாமின் ஏடுகள் வந்து சேர்ந்தபோது 2316க்கு நேரே, "எதிரிப் படையில் சேர்ந்தார்" என்று இருந்தது. கப்பலேறும் முன்பே என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தவர் சித்தப்பா. துறைமுகத்தில் கடலில் மாண்டவர்களின் பெயர்களை வெட்டிய கல்சுவர் எழும்பியது. அதில் அப்பாவுக்கு இடமில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அருகே உட்கார ஒரு பிள்ளையும் வரவில்லை, துரோகி மகளாம். பிறகு, துரோகியின் பெண்டாட்டிக்கு வாழ்வு கொடுக்கிறேன் என்று கப்பல்காரரே முன்வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு, அவளுக்குச் சித்தப்பா ஆனார். என்ன பெரிய மனசு என்று ஊர் மெச்சியது. அந்தப் பெரிய மனசைத்தான் தாயும் மகளும் தினமும் சோற்றோடு பிசைந்து விழுங்கினார்கள்.

போர் ஆவண அலுவலகத்தில் அவள் தட்டச்சராகச் சேர்ந்து, ஏடுகள் பிரிவுக்குப் பொறுப்பாளராக உயர்ந்தவள். கடலில் தொலைந்தவர்களைத் தேடி வருபவர்கள் கைதிகள் பட்டியலைக் கேட்பார்கள், கப்பலேறியோர் பட்டியலைக் கேட்பார்கள். சோப்புக்கும் போர்வைக்கும் வைத்த இருப்பு ஏடுகளை ஒருவரும் கேட்டதில்லை. இருபது வருடம் அவளும்தான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மூன்று வாரத்துக்கு முன் கரையான் பிடித்த அலமாரியை ஒழித்தபோது முகாம் ஆஸ்பத்திரியின் இருப்பு ஏடு கையில் அகப்பட்டது. கப்பல் புறப்பட்டு ஐந்தாம் நாள்: "எண் 2316. இடது சுண்டுவிரல் அகற்றம். ஸ்பிரிட் ஒரு அவுன்ஸ். தையல் நூல் இரண்டு அடி."

நின்றபடியே நான்கு தடவை படித்தாள். தகடுகள் கைமாறியிருக்கின்றன. 2307 தகட்டோடு கப்பலேறி முழுகியது அப்பா. 2316 தகட்டோடு கரையில் தங்கி, விரலை வெட்டிக்கொண்டு, எதிரியிடம் போய்ச் சேர்ந்தது இந்த ஆள். போர் முடிந்ததும் தன் பெயரை எடுத்து மாட்டிக்கொண்டு, கடலில் தப்பிய வீரனாக வந்து இறங்கியிருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. நேரே வீட்டுக்குப் போய் அந்தக் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் அலுவலக விதி ஒன்று இருந்தது. ஒருவருடைய பதிவு அட்டையைத் திருத்த ஒரு ஏடு போதாது, ஏட்டோடு ஒரு ஆளின் சாட்சியமும் வேண்டும். அதற்கான உறுதிமொழிப் படிவம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதற்குள் சித்தப்பா படுத்துவிட்டார். இப்போதும் தப்பிக்கப் பார்க்கிறான்.

"சித்தப்பா, கண்ணத் தொறங்க. ஒண்ணு படிக்கிறேன், கேளுங்க."

ஏட்டின் நகலை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். நூல் என்ற இடத்தில் அவர் கண் திறந்தது.

"நூலுக்கெல்லாமா எழுதி வச்சான்?" என்றார்.

வாசற்படியில் அம்மா வெந்நீர் டம்ளரோடு நின்றிருந்தாள். "என்னடி அது?"

"கப்பல்ல போனது அப்பாம்மா. இவரு இல்ல. அப்பாவோட தகட்ட மாட்டிக்கிட்டு இவரு முகாம்லயே இருந்திருக்காரு. விரல வெட்டுனது ஆஸ்பத்திரியில. எதிரிகிட்ட போனதும் இவருதான்."

அம்மா கட்டிலருகே வந்தாள். "நெசமா?" என்று அவரைக் கேட்டாள்.

"அவனாத்தான் சொன்னான்," என்றார் சித்தப்பா. மூச்சு இழுத்தது. "விரல் சீழ் வச்சிருந்துச்சு. நீ இரு, ஒனக்குப் பதிலா நான் போறேன்னான். நான் கேக்கல. அவனாத்தான்..."

"அதையே எழுதியிருக்கேன். எடது பெருவிரல் ரேகை வைங்க." அவள் மைப்பெட்டியைத் திறந்து படிவத்தைத் தலையணை ஓரத்தில் விரித்தாள். "எங்கப்பா பேரு கல்லுல ஏறணும். வேற ஒண்ணும் வேணாம்."

வேறு வேண்டும்தான். அந்த ஆள் தன் கையாலேயே தன் முகத்தில் மை பூசிக்கொள்வதைப் பார்க்க வேண்டும். சித்தப்பா படிவத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு இடது கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"தண்ணி," என்றார் அம்மாவிடம்.

"கைய வெளிய எடுங்க. தரேன்."

அவர் எடுக்கவில்லை. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை. பேருந்துக்குக் காத்திருப்பவள் போல் இருந்தாள். அவர் மறுபடி கேட்டார், பிறகு உதட்டை மட்டும் அசைத்தார். மகளுக்கே மனசு கேட்கவில்லையோ என்னவோ, டம்ளருக்குக் கை நீட்டினாள். அம்மா அதை மறுபக்கம் நகர்த்தி வைத்தாள்.

நாலரை மணிக்கு மூச்சு நின்றது. கை போர்வைக்குள்ளேயே இருந்தது. டம்ளரில் ஒரு சொட்டும் குறையவில்லை. ரேகை இல்லாத படிவத்தை அவள் நான்காக மடித்தாள். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

சேதி கேட்டு முதலில் வந்தவர் முன்னாள் வீரர்கள் சங்கச் செயலாளர். கையில் மலர்வளையம், அதன் குறுக்கே 'கடல் வெல்லாத வீரர்' என்று அச்சடித்த பட்டை. வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்தில் இறங்கினார்.

"பதக்கத்தக் குத்தி விடுங்கம்மா. எடது கைய நெஞ்சு மேல வைங்க. ஜனங்களுக்கு அந்த விரல் தெரியணும்."

அவர் சொன்னதுதான் அவள் மண்டையில் உறைத்தது. தெரியணும். ஆள் வாய் திறக்கவில்லை, சரி. கை இன்னும் இருக்கிறதே. போர்வையை விலக்கிச் சித்தப்பாவின் இடது கையை எடுத்து நெஞ்சின்மேல் விரித்து வைத்தாள். இறப்புச் சான்று எழுத டாக்டர் வந்தபோது அதைத்தான் முதலில் காட்டினாள்.

"டாக்டர், இந்த விரல் எப்படிப் போயிருக்கும்?"

டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். "கயித்துல மாட்டிப் பிஞ்சுதுன்னு சொல்லுவாரே. இது பிஞ்சது இல்லம்மா. கத்தி வச்சு எடுத்து, தோல மடிச்சு, அஞ்சு தையல் போட்டிருக்காங்க. நல்லா தொழில் தெரிஞ்ச கை."

செயலாளரும் அருகே வந்து குனிந்து பார்த்தார்.

"அத எழுதித் தாங்க டாக்டர்."

"செத்தவருக்கு இது எதுக்கும்மா?"

"செத்துப்போன இன்னொருத்தருக்கு வேணும்."

டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே சாட்சிக்கு ஓர் இடம் இருந்தது. அவள் ஏட்டின் நகலைச் செயலாளர் கையில் கொடுத்து, படித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு பேனாவை நீட்டினாள்.

"என்னை எதுக்கும்மா இதுல இழுக்கறீங்க?"

"போடுங்க சார்," என்றாள் அம்மா. "நாப்பது வருஷமா அந்த விரலுக்குக் கை தட்டினவரு நீங்கதானே."

அவர் போட்டார். போகும்போது மலர்வளையத்தின் பட்டையை உருவி, சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதக்கத்தைக் குத்துவது பற்றி ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் காலையில் புதைத்தார்கள். எதிர்பார்த்ததில் கால்வாசிக் கூட்டம்கூட இல்லை. செயலாளருக்கு உடம்பு சரியில்லையாம். அங்கிருந்து அவள் நேரே அலுவலகம் போய், ஏட்டின் நகலையும் டாக்டர் எழுதியதையும் சேர்த்துக் குத்தி, அப்பாவின் அட்டையோடு வைத்துத் தலைவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டையும் படித்தார். 'எதிரிப் படையில் சேர்ந்தார்' என்ற வரியை அவள் கண்ணெதிரே சிவப்பு மையால் அடித்து, 'கடலில் மாண்டார்' என்று எழுதினார். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க அவள் முயலவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையிலேயே வாசனை வந்தது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து இவர்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தி எழுதிட்டாங்கம்மா."

"ம். கை கழுவிட்டு உக்காரு."

தட்டில் இரண்டு துண்டுகள் விழுந்தன. அவள் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்பா கடல்லதானேம்மா..." என்று இழுத்தாள்.

"ஒங்கப்பாவுக்கு மீனுன்னா உசிரு. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு," என்றாள் அம்மா, வாணலியைப் பார்த்தபடி. "முள்ளு இருக்கும். பாத்துச் சாப்பிடு."

அவள் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, வெறும் சதையை அவள் பக்கம் தள்ளினாள்.