வசிதி அத்தையின் குரல்

ஒருமுறை கைதட்டி, இரு கைகளாலும் வாங்க வேண்டிய கிறுகிறுப்பூட்டும் வேர்ப்பானமான காவாவின் கிண்ணத்தை, பெரிய ஆராய்ச்சியாளன் தோரணையில் ஒரு கையால் வாங்கப் போனான் எரோனி. மறுகை மடிக்கணினியில் இருந்தது. காவா முழுவதும் அதன்மேல் கவிழ்ந்தது. திரை ஒருமுறை சிமிட்டி அணைந்தது.

"கம்ப்யூட்டருக்கும் கிறுகிறுத்துடுச்சு," என்றான். பாயில் இருந்த யாரும் சிரிக்கவில்லை.

வசிதி அத்தையின் குரல் அதில்தான் இருந்தது. கணினிக்கு ஃபிஜி மொழி கற்றுத்தர பிரிட்டனிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் கேட்டதற்காக அத்தை ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசிக்கொடுத்தாள். பாதி நேரம் தன் கணவர் ஜொவெசா மாமாவைத் திட்டினாள். அதைப் பதிவு செய்து, வழக்கப்படி ஊர் முன்னால் காவா வேரைக் காணிக்கை வைத்து, "கேக்குறப்போ குரல் திரும்பி வரும்" என்று வாக்குக் கொடுத்தவன் எரோனி. இப்போது அத்தை இல்லை. துக்கம் கழிக்கும் நூறாம் நாளில் அவள் குரலை ஊர் கேட்க வேண்டும் என்பது ஜொவெசா மாமாவின் ஆசை. அதைக் கொடுக்கத்தான் தலைநகர் சுவாவிலிருந்து சில நாள் முன்பே வந்திருந்தான்.

"பிரிட்டன்ல, பல்கலைக்கழகத்துல இன்னொரு பிரதி இருக்கு மாமா. நாங்க கூட்டாளிங்க. கேட்டா குடுப்பாங்க."

"நம்ம கொள்ளுத்தாத்தாவோட தண்டாயுதமும் அந்த ஊர்லதான் கண்ணாடிப் பெட்டியில இருக்கு. அதையும் கேட்டுட்டுதான்டா இருக்கோம்," என்றார் மாமா. "போகட்டும், வசிதிக்குப் பேச்சுத்துணை ஆச்சு."

எரோனி எழுதினான். அந்தப் பல்கலைக்கழகத்து டாக்டர் இமோஜென் உடனுக்குடன் பதில் போட்டாள்: அருமையான கேள்வி, மேலிடத்தில் பேசுகிறோம், உங்கள் துயரத்தில் பங்கெடுக்கிறோம். அத்தனை அன்பையும் அவன் மாமாவிடம் ஒப்பித்தான். ஒப்பிக்கையில் அன்பு கொஞ்சம் கூடியே போனது.

நூறாம் நாள் வந்தது. பெண்கள் புதுப் பாய் விரித்தார்கள். பன்றி வெந்துகொண்டிருந்தது. நல்ல சேதியை எல்லோரும் கேட்கட்டும் என்று தொலைபேசியைத் தேவாலயத்து ஒலிபெருக்கியோடு இணைத்துவிட்டு அழைத்தான். புத்திசாலி.

"இமோஜென், இன்னிக்குத்தான் அந்த நாள். அனுப்புறீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

ஒலிபெருக்கி சற்று இரைந்தது.

"கிடைக்காது எரோனி. அந்தக் குரல் இப்ப பல்கலைக்கழகத்தோட சொத்து. உங்களைக் கூட்டாளின்னு நான்தான் சொல்லிட்டிருந்தேன். இங்க நீங்க பதிவு பண்ணிக் குடுத்த ஆள், அவ்வளவுதான். நான் யாரையும் கேக்கவே இல்ல. என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்."

மாமா மெதுவாகக் காவாவை மொண்டார். கிண்ணத்தை இரு கைகளாலும் எரோனியிடம் நீட்டினார். கைதட்ட வேண்டும். எரோனியின் கைகள் மடியிலிருந்து எழவில்லை. துளி சிந்தாமல் கிண்ணம் அந்தரத்தில் நின்றது.